புரோஜெஸ்ட்டிரோன் கருப்பையைச் சென்றடைந்த வழிகள்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் (மெனோபாஸ்) பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் சிகிச்சையில் முதன்மை மருந்து ஈஸ்ட்ரோஜனே. திடீரென உடல் கொதித்தெழுவது போன்ற உணர்வையும் இரவு வியர்வையையும் தணிப்பதும் எலும்புத் தேய்வைத் தடுப்பதும் அதுதான். புரோஜெஸ்ட்டிரோன் அதற்குத் துணையாகவே சேர்க்கப்படுகிறது. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் கருப்பையின் உட்படலம் ஓயாமல் தடித்துப் புற்றாக மாறிவிடாமல் காப்பதே அதற்கு இடப்பட்ட பணி என்பதால், கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. இலக்கு ஒரே ஓர் உறுப்பாக இருந்தும், மருந்தை எவ்வழியே உடலுக்குள் செலுத்துவது என்பது நெடுங்காலம் தீராத சிக்கலாகவே இருந்தது. இன்று வழக்கிலுள்ள வழிகளுள் பெரும்பாலானவை மெனோபாஸுக்காகக் கண்டறியப்பட்டவை அல்ல; கருச்சிதைவு, குழந்தையின்மை, கருத்தடை என வேறு தேவைகளுக்காக உருவானவற்றையே இச்சிகிச்சை பின்னர் தனதாக்கிக்கொண்டது.

கருமுட்டை வெளியேறிய பின் சினைப்பையில் எஞ்சும் மஞ்சள்நிறத் திசுவே கரு கருப்பையில் பதிவதற்கு இன்றியமையாதது என்பதை, பிரெஸ்லாவ் நகரின் மகப்பேற்று மருத்துவர் லுட்விக் ஃபிரெங்கல் 1903-இல் முயல்களைக் கொண்டு நிறுவினார். அத்திசுவிலிருந்து எடுத்த சாறு, சினைப்பை நீக்கப்பட்ட முயல்களிலும் கருவைக் காக்கிறது என்று 1929-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் காட்டினர். 1934-இல் நான்கு ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அச்சாற்றிலுள்ள ஹார்மோனான புரோஜெஸ்ட்டிரோனின் தூய படிகத்தைப் பிரித்தெடுத்தன. அவற்றுள் ஒன்றான அடால்ஃப் பியூட்டெனான்ட்டின் குழு, 50,000 பன்றிகளின் 625 கிலோ சினைப்பைகளைக் கரைத்து வடித்துப் பெற்றது 20 மில்லிகிராம் மட்டுமே. ஒரு பெண்ணின் உடல் மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் ஒரே நாளில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் சுரக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டால், அக்காலத்தில் இது ஏன் எளிதில் கிட்டாத மருந்தாக இருந்தது என்பது விளங்கும்.

இந்த அருமையை உடைத்தது மெக்சிகோவின் காட்டுவள்ளிக் கிழங்கு. கிழங்கிலுள்ள டையோஸ்ஜெனின் என்ற தாவரப்பொருளைச் சில வேதிமாற்றங்களால் புரோஜெஸ்ட்டிரோனாக்க முடியும் என்று கண்ட அமெரிக்க வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர், 1942-இல் வெராகுரூஸ் மாநிலத்தில் 'கபேசா தே நெக்ரோ' எனப்படும் கிழங்கைத் தேடிப் பெற்று, அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 3 கிலோ ஹார்மோனைத் தயாரித்தார். அன்று ஒரு கிராமின் விலை 80 டாலர். 1944-இல் மெக்சிகோ நகரில் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய சின்டெக்ஸ் நிறுவனத்திலிருந்து அவர் விரைவிலேயே பிணங்கி வெளியேறினாலும், விலைச்சரிவு நிற்கவில்லை.

மருந்து மலிந்தது, அதை உட்கொள்ளும் வழி மட்டும் எளிதாகவில்லை. விழுங்கப்பட்ட புரோஜெஸ்ட்டிரோன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, உடலெங்கும் பரவுவதற்கு முன்பே பெரும்பகுதி சிதைக்கப்பட்டுவிடுகிறது. எனவே தொடக்கக் காலத்தில் அது எண்ணெயில் கரைத்துத் தசையில் போடும் வலிமிக்க ஊசியாகவே வழங்கப்பட்டது. கல்லீரலை ஏமாற்ற மூலக்கூற்றையே மாற்றியமைப்பது வேதியியலாளர் கண்ட மாற்றுவழி. 1938-இல் பெர்லினின் ஷெரிங் நிறுவனத்தில் உருவான எதிஸ்டிரோன், 1951-இல் சின்டெக்ஸில் உருவான நோரெதிஸ்டிரோன், பின்னர் வந்த மெட்ராக்சிபுரோஜெஸ்ட்டிரோன் அசிடேட் ஆகியவை வாய்வழியே வேலை செய்தன. இவை புரோஜெஸ்டின்கள் எனப்படும் செயற்கை உறவினர்களே அன்றி அந்த ஹார்மோனே அல்ல; இவ்வேறுபாடு நெடுநாள் பொருட்படுத்தப்படவில்லை.

மெனோபாஸ் சிகிச்சை இவ்வரலாற்றில் நுழைந்தது தாமதமாகத்தான். 1942 முதல் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் தனியாகவே விற்கப்பட்டுவந்தன. அவற்றை உட்கொண்ட பெண்களிடம் கருப்பை உட்படலப் புற்று பன்மடங்கு மிகுதி என்று 1975 இறுதியில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்த பிறகே துணைமருந்தின் தேவை உணரப்பட்டது. கைக்கு எளிதாகக் கிடைத்த செயற்கைப் புரோஜெஸ்டின்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. தேவை எவ்வளவு மெய்யானது என்பதை 1990-களில் 875 பெண்களிடம் மூன்றாண்டு நடந்த பெப்பி ஆய்வு உறுதிப்படுத்தியது. கருப்பை உள்ளவர்களில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் பெற்றவர்களுள் 62 சதவிகிதத்தினருக்கு உட்படலம் இயல்பை மீறித் தடித்தது. செயற்கைப் புரோஜெஸ்டினோ இயற்கைப் புரோஜெஸ்ட்டிரோனோ சேர்த்துக்கொண்டவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களின் நிலையிலேயே இருந்தனர்.

அந்த ஆய்வில் இடம்பெற்ற இயற்கைப் புரோஜெஸ்ட்டிரோன், பிரான்சில் 1980-இல் உட்ரோஜெஸ்டான் என்ற பெயரில் சந்தைக்கு வந்த மாத்திரை வகையைச் சேர்ந்தது. மூலக்கூற்றைத் தொடாமல், படிகத்தை மிக நுண்ணிய துகள்களாக அரைத்து எண்ணெயில் கலந்து மென்மையான உறைக்குள் அடைப்பதே அதன் உத்தி. இதனால் குடல் உறிஞ்சும் அளவு கூடுகிறது. கல்லீரலின் சிதைப்பு அப்படியே நீடிப்பதால், சினைப்பை 25 மில்லிகிராம் சுரக்கும் இடத்தில் மாத்திரை 100 முதல் 200 மில்லிகிராம் வரை தர வேண்டியிருக்கிறது. சிதைவுப் பொருள்களும் வீணாகிப் போவதில்லை. அவற்றுள் ஒன்றான அல்லோபிரெக்னனோலோன் மூளையின் காபா ஏற்பிகளில் செயல்பட்டு உறக்கத்தை வரவழைக்கிறது. மிகுந்த அளவு புரோஜெஸ்ட்டிரோன் எலிகளை மயக்கத்தில் ஆழ்த்துவதை மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே 1941-லேயே கண்டிருந்தார். மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்தில் விழுங்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. உறக்கம் கெட்டு வருந்தும் பருவத்தினருக்கு இது பக்கவிளைவா கூடுதல் பயனா என்று வரையறுப்பது கடினம்.

செயற்கை வகைக்கும் இயற்கை வகைக்கும் இடையிலான வேறுபாடு 2002-க்குப் பிறகே பொதுக்கவனம் பெற்றது. 16,608 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்சிபுரோஜெஸ்ட்டிரோனும் சேர்ந்த சிகிச்சையில் மார்பகப் புற்று கூடுவதைக் கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. பிரான்சில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வோ, இயற்கைப் புரோஜெஸ்ட்டிரோன் சேர்த்தவர்களிடம் அத்தகைய உயர்வைக் காணவில்லை. அது மருந்தைக் குலுக்கல் முறையில் பகிர்ந்தளித்துச் செய்த சோதனையன்று, வெறும் கண்காணிப்பே என்பதால் அதன் முடிவை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் மருத்துவர்களின் தெரிவை அது மாற்றியது.

யோனிவழியின் வரலாறு வேறொரு திசையிலிருந்து வருகிறது. மாதவிடாய்க்கு முந்தைய உபாதையை 1953-இல் ரேமண்ட் கிரீனுடன் இணைந்து மருத்துவ உலகுக்கு விளக்கிய லண்டன் மருத்துவர் கேத்தரினா டால்டன், அதற்கு ஊசியாகவும், பின்னர் உடற்சூட்டில் உருகும் குளிகைகளாகவும் புரோஜெஸ்ட்டிரோனைப் பரிந்துரைத்துவந்தார். செயற்கைக் கருத்தரிப்பு பரவியபின் குழந்தையின்மை மருத்துவமனைகளும் இவ்வழியைக் கைக்கொண்டன. அங்கேதான் புதிரான ஓர் உண்மை தெரியவந்தது: ஊசியைவிட யோனிக் குளிகையால் இரத்தத்தில் ஹார்மோன் குறைவாகவும், கருப்பை உட்படலத்தில் மிகுதியாகவும் காணப்பட்டது. அறுவையில் அகற்றிய கருப்பைகளை உயிர்ப்புடன் வைத்துச் செய்த சோதனையில், யோனிப் பகுதியில் இட்ட கதிரியக்கக் குறியிட்ட புரோஜெஸ்ட்டிரோன் சில மணி நேரத்தில் உட்படலத்தை அடைந்ததை 1997-இல் கார்லோ புல்லெட்டி குழுவினர் காட்டினர். கல்லீரலைத் தவிர்த்து இலக்குறுப்பைக் குறுக்குவழியில் எட்டும் இந்த முறை, மாத்திரையால் தலைசுற்றலோ மந்தமோ அடையும் மெனோபாஸ் பெண்களுக்கும் பயன்பட்டது. விழுங்குவதற்கென்றே தயாரித்த அதே மாத்திரைகளை, உரிமத்தில் சொல்லப்படாத இவ்வழியில் பயன்படுத்துமாறு ஐரோப்பிய மருத்துவர் பலர் பரிந்துரைக்கின்றனர்.

தோல்வழி இவ்வாறு பயன்படவில்லை. ஈஸ்ட்ரோஜன் பட்டை நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்குள் செலுத்தினாலே போதும்; புரோஜெஸ்ட்டிரோனோ மில்லிகிராம் கணக்கில் தேவைப்படுவது, தோலிலேயே நொதிகளால் சிதைவதும் கூட. 1990-களில் அமெரிக்காவில் ஜான் லீ என்ற மருத்துவரின் நூல்களால் புரோஜெஸ்ட்டிரோன் களிம்பு பெரும் வரவேற்புப் பெற்றது. ஆனால் சிட்னியில் பாரி ரென் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், களிம்பு பூசியவர்களின் எச்சிலில் ஹார்மோன் ஏறியிருந்தும் உட்படலத்தில் மாற்றம் ஏதும் இல்லை. காட்டுவள்ளிக் களிம்புகளின் நிலை இன்னும் மோசம்: டையோஸ்ஜெனினைப் புரோஜெஸ்ட்டிரோனாக்கும் திறன் ஆய்வகத்துக்கு உண்டே தவிர மனித உடலுக்கு இல்லை.

கருப்பைக்குள்ளேயே மருந்தை வைத்துவிடும் எண்ணத்தைச் செயலாக்கியவர், முன்பு சின்டெக்ஸில் பணியாற்றி 1968-இல் அல்சா நிறுவனத்தைத் தொடங்கிய உருகுவே நாட்டவர் அலெஹாந்திரோ சஃபரோனி. 1976-இல் ஒப்புதல் பெற்ற அந்நிறுவனத்தின் புரோஜெஸ்டாசெர்ட், 38 மில்லிகிராம் இயற்கைப் புரோஜெஸ்ட்டிரோனை நாள்தோறும் 65 மைக்ரோகிராம் வீதம் கசியவிட்ட கருத்தடைச் சாதனம். ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருந்ததால் நிலைபெறாமல் 2001-இல் கைவிடப்பட்டது. ஃபின்லாந்தின் தபானி லூக்காய்னென் உருவாக்கி 1990-இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்த மிரேனா, ஆற்றல்மிக்க செயற்கை வகையான லெவோனார்ஜெஸ்ட்ரலை நாளுக்கு 20 மைக்ரோகிராம் அளவில் தொடங்கிப் பல ஆண்டுகள் வெளியிட்டது. அதுவும் கருத்தடைக்காகவே பிறந்து, பின்னர் ஈஸ்ட்ரோஜன் பெறும் பெண்களின் உட்படலத்தைக் காக்கவும் பல நாடுகளில் ஒப்புதல் பெற்றது. பிரிட்டனில் இப்பயன்பாட்டுக்கான உரிமம் நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே. மருத்துவர்கள் ஐந்தாண்டு வரை அதை அப்படியே விட்டுவைக்கின்றனர், அதே சாதனம் கருத்தடைக்கு எட்டு ஆண்டுகள் செல்லும்.