கணக்குக்கு முந்திய கிருபை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்றைக்குக் கார், செல்போன், கண்டெய்னர் லாரி. பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிகாலை நாலரைக்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் தொழிற்பேட்டைகள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த ஊரின் பெயர் ஒரு பெரிய வழக்கோடு சேர்ந்துவிட்டது. மனிதன் கரையேறுவது தன் முயற்சியாலா, கடவுளின் கிருபையாலா என்பதுதான் அந்த வழக்கு. இங்கே பிறந்த ராமானுஜரின் சீடர் பரம்பரை அதைத் தமிழிலும் மணிப்பிரவாளத்திலும் வாதாடியது. ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் 1517இல் அதே வழக்கை எழுப்பியபோது, நம் பக்கத்து வாதத்துக்கு இருநூறு வயது ஆகியிருந்தது.

நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். தரங்கம்பாடிப் பக்கம் பிறந்து, பொறையாரில் படித்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். மகனுக்குப் பக்கத்து ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை. அதனால் இந்த ஊர்க்காரி ஆனேன். எங்கள் சபையில் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் சீர்திருத்தத் திருநாள் கொண்டாடுவோம். விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்று அன்றைக்குப் பிரசங்கம் இருக்கும். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்தவள், ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊரில் வந்து குடியேறியது எனக்குக் கிடைத்த பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

ராமானுஜர் 1017இல் பிறந்தார் என்பது சம்பிரதாயக் கணக்கு. 2017இல் ஆயிரமாவது ஆண்டு விழாவும் நடந்தது. சித்திரைத் திருவாதிரை உற்சவத்தில் ஊர் முழுக்க அவர் பேர்தான். கோயிலில் உள்ள அவர் திருவுருவத்தைத் தானுகந்த திருமேனி என்கிறார்கள். அவரே உகந்து தழுவியது என்பது ஐதீகம். பக்தி செய்யத் திராணி இல்லாதவனுக்கும் சரணாகதி என்ற வழி உண்டு என்பது அவர் மரபின் உயிர்நாடி. பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்தில் தாயாரிடமும் பெருமாளிடமும் அவர் விண்ணப்பித்ததாகச் சொல்லப்படுவதே சரணாகதி கத்யம்.

அவருக்குப் பின் வந்தவர்களிடம் கேள்வி கிளைத்தது. சரணடைவது நான் செய்யும் செயலா, அல்லது அதுவும் அவன் கொடுப்பதா? குட்டிக்குரங்கு தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியையோ தாயே வாயில் கவ்விப் போகும். காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் வழி வந்த வடகலையார் முதல் உவமையையும், பிள்ளை லோகாசாரியாரின் ஸ்ரீவசன பூஷணத்தைப் போற்றும் தென்கலையார் இரண்டாவதையும் தங்களுடையதாகக் கொண்டார்கள். ஆனால் நூல்களுக்குள் போனால் தூரம் அத்தனை இல்லை. தேசிகருக்கும் மனிதன் செய்வது வெறும் வியாஜம், ஒரு சாக்கு. மீட்பது பெருமாளின் தயைதான். லோகாசாரியாரும் சும்மா கிட என்று விட்டுவிடவில்லை. கிருபை பெற்றவன் கைங்கரியம் செய்யாமல் இருக்கமாட்டான் என்கிறார்.

இருவர் வாழ்க்கையும் அதைக் காட்டுகிறது. 14ஆம் நூற்றாண்டில் டில்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. முதியவரான லோகாசாரியார் கோயில் உற்சவரான நம்பெருமாளின் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் துறந்தார். தேசிகர் ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு விரிவுரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காப்பாற்றினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கிருபைக்கு மனித முயற்சி தேவையில்லை என்றவர் கைக்குழந்தையைப் போலப் பெருமாளைச் சுமந்து நடந்தே செத்தார். பின்னால் வந்தவர்கள் செய்தது வேறு. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் முன்னே நின்று ஓதுவது, எந்த ஆசாரியரின் துதியான தனியனைச் சொல்வது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நீதிமன்றப் படியேறினார்கள். இன்றும் அந்த வழக்கு ஓயவில்லை.

ஐரோப்பாவின் கதையும் இதே சாயலில்தான் போனது. பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளைக் காசுக்கு விற்றதைக் கண்டு கொதித்த லுத்தர், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பற்றிக்கொண்டார். கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது விசுவாசத்தினால்தான்; கிரியைகள் அதன் பின்னே நல்ல மரத்தில் கனி வருவதுபோல் வரும் என்றார். செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் நிருபத்தை 1522இல் எழுதிய முன்னுரையில் அவர் குறைத்தே மதித்தார். 1547 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் பதில் சொன்னது. கிருபை இல்லாமல் மனிதனால் எதுவும் ஆகாது என்பதை அந்தச் சங்கம் முதலிலேயே ஒப்புக்கொண்டது. விசுவாசம் மட்டும் போதும், மனித சித்தம் ஒத்துழைக்க வேண்டியதில்லை என்பதைத்தான் சபித்தது. அதே 1547இல் இங்கிருந்து கிழக்கே பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது பழைய கற்சிலுவை கிடைத்தது. அன்றைக்கு அந்த மலையில் ஜெபித்தவர்களுக்குத் திரெந்தின் தீர்ப்பு எட்டியிருக்காது.

வழக்கு தமிழ்க் கரைக்கு 1706 ஜூலை 9இல் வந்து இறங்கியது. டென்மார்க் அரசர் அனுப்பிய சீகன்பால்குவும் புளுச்சோவும் தரங்கம்பாடியில் கால்வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தது ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கே பிராங்கே என்ற போதகர் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் பள்ளியும் கட்டியிருந்தார். விசுவாசம் மட்டுமே என்றவர்கள் தரங்கம்பாடிக்கு வந்ததும் பள்ளிக்கூடம் திறந்தார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். சீகன்பால்கு 36 வயதில், 1719இல், அங்கேயே இறந்தார்.

கொஞ்ச காலத்தில் எதிர்த்தரப்பும் வந்தது. இத்தாலியிலிருந்து வந்த சேசுசபைக் குரு பெஸ்கி, நம் வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலைக் கட்டினார், தேம்பாவணி பாடினார். அதே கையால் வேத விளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று தரங்கம்பாடியாரை மறுத்து உரைநடை நூல்களும் எழுதினார். தமிழ் உரைநடையின் ஆரம்பப் பக்கங்களில் இந்த வாதம் நிற்கிறது என்பதை இலக்கிய வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வாதம் நூலோடும் நிற்கவில்லை. தஞ்சை அரசர் படையில் இருந்த ராஜநாயக்கன் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் கைக்கு வந்து, படித்து, 1720களின் கடைசியில் லுத்தரன் பக்கம் சேர்ந்தார். பழைய சபையின் பகையைத் தாங்கிக்கொண்டு தஞ்சையில் உபதேசியாராக உழைத்தார்.

இந்த இரண்டு கரைகளும் என் வீட்டிலேயே சந்தித்தன. என் அப்பா லுத்தரன் சபை ஊழியர். மாமியார் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர். சபைக் கட்டடத்துக்குத் தன் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, நன்கொடைப் பலகையில் என் பேரை வெட்டக்கூடாது என்று மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் அப்பா. பேர் இருந்தால் அது கணக்காகிவிடும் என்பார். மாமியார் ஒவ்வொரு மாதா திருநாளுக்கும் ஒரு அண்டா சாம்பார் சாதம் கிண்டிப் போவோர் வருவோருக்கெல்லாம் போடுவார். "நேர்த்திக்கடன் இல்லம்மா, நான் பட்ட நன்றிக்கு" என்பார். ஒரு திருநாளில் அப்பா வந்து அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கரண்டி பிடித்தார். இருவரும் மீட்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் இந்த வழக்குக்கு வந்த உண்மையான சோதனை சாதி. ஸ்ரீவசன பூஷணம் பெருமாள் அடியாரிடம் பிறப்பை ஆராய்வதையே பெரிய பாவம் என்றது. தரங்கம்பாடிக் கோயிலிலோ கிருபையைப் பிரசங்கித்த மேடைக்குக் கீழேயே சாதிப்படி இடம் பிரித்து உட்கார்ந்தார்கள். 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையையே விட்டுப் போனார்கள். கத்தோலிக்கக் கோயில்களிலும் தனி வாசல், தனிக் கல்லறை இருந்தன. விசுவாசத்தைச் சொன்னவர்களும் கிரியையைச் சொன்னவர்களும் ஒரே இடத்தில் தவறினார்கள். தகுதி பார்க்காமல் ஏற்கிறவர் கடவுள் என்று நம்பிவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறவனிடம் தகுதி பார்த்தார்கள். எங்கள் சபை வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

1930இல் மார்பர்க் நகரத்து லுத்தரன் பேராசிரியர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் கிருபை சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் எழுதி, ராமானுஜர் மரபைத் தன் சபையின் அண்டை வீட்டுக்காரராக மதித்தார். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் புண்ணியத்தைப் பார்த்து அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார். ஏற்றபின் நற்செயலுக்கு நம்மைத் தயார்ப்படுத்துகிறார் என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகள் 2017இலும் அதில் இணைந்தன. நானூற்றைம்பது ஆண்டுச் சாபம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விலகியது.

அறிக்கையில் தீர்ந்த வழக்கு ஒரகடத்தில் தினமும் புதிதாகப் பிறக்கிறது. ஞாயிறு மாலை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். விடுதியில் தங்கி லைனில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் வாழ்க்கை முழுக்கக் கணக்கு. பஞ்ச் ஐந்து நிமிஷம் பிந்தினால் ஒரு கணக்கு, மணிக்கு எத்தனை பீஸ் என்று ஒரு கணக்கு, மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் போய்விடும். நைட் ஷிஃப்ட் முடிந்து கண் எரிய வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், ஓ.டி. போட்டுட்டா ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போக முடியல. ஆண்டவர் அதையும் ஆப்சென்ட்டுன்னு எழுதிருப்பாரா?"

"அவர் கையில ரிஜிஸ்டர் இல்ல தாயி" என்றேன். அவள் சட்டென்று அழுதுவிட்டாள். லுத்தர் மடத்து அறையில் தவித்ததும், ராமானுஜர் ரங்கநாதர் முன் கைகூப்பியதும் எதற்காக என்று அன்றைக்கு எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. உழைப்பை அளந்து அளந்து கூலி தரும் உலகத்தில், அளக்காமல் ஏற்கும் ஒருவர் இல்லாவிட்டால் மனிதன் உடைந்துபோவான். விசுவாசத்தினால் மீட்பு என்ற உபதேசத்தின் உயிர் இதுதான். அதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அதற்காக யாக்கோபை மறந்துவிட முடியாது. உடுப்பும் சாப்பாடும் இல்லாதவனிடம் சமாதானமாகப் போய் வா என்று வாயால் வாழ்த்தி அனுப்புவதில் என்ன பயன் என்று அவர் கேட்டார். 2021 டிசம்பரில் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்களின் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். சோறு நல்ல சோறா, தங்கும் அறையில் எத்தனை பேர், ஓ.டி.க்கு உரிய கூலி வந்ததா என்பதெல்லாம் சபை கேட்கவேண்டிய கணக்குகள். கடவுளிடம் நமக்குக் கணக்கு இல்லை என்று நம்புகிறவனுக்கு அடுத்தவருக்காகக் கணக்குக் கேட்கக் கையும் நேரமும் மிச்சமாகின்றன. சொந்த மீட்புக்குப் புண்ணியம் சேர்க்கும் கவலை அவனுக்கு இல்லையே. கிருபையை முன்னே வைத்தவர்கள் வேலையைக் குறைக்கவில்லை. அந்த வேலை யாருக்காக என்பதைத்தான் மாற்றினார்கள். பெருமாளைச் சுமந்த லோகாசாரியாரும் பள்ளிக்கூடம் கட்டிய தரங்கம்பாடியாரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். இந்தத் தொழிற்பேட்டை மண்ணில் ஜெபிக்கிற நாங்களும் அப்படியே வாழக் கடமைப்பட்டவர்கள்.