கத்தரியும் பசையும் தந்த விளையாட்டுப் படம்



சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான சுவரொட்டியை நானே கணினியில் தயாரித்தேன். காய்ச்சலால் போட்டிக்கு வர இயலாத மாணவி ஒருத்தியின் படத்தை வெட்டி, அஞ்சல் ஓட்டக் குழுவின் நால்வருள் ஒருத்தியாக இணைத்தேன். அவள் மகிழ்ந்தாள். அவளுக்குப் பதிலாக ஓடியவளோ, "டீச்சர், நான் எங்கே?" என்று கேட்டாள். அக்கேள்வியே இவ்வரலாற்றைத் தேட வைத்தது.

படங்களை இணைக்கும் கலை கணினியோடு பிறந்ததன்று. 1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பார் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கினார்.

விளையாட்டுக் காட்சிக்கு இம்முறையைச் சிறப்பாகப் பயன்படுத்தியவர் கனடாவின் மொண்ட்ரியால் நகரில் படப்பிடிப்பு நிலையம் நடத்திய வில்லியம் நோட்மேன். 1870-இல் அந்நகரின் விக்டோரியா சறுக்கு அரங்கில், இளவரசர் ஆர்தரின் வருகையையொட்டி மாறுவேடப் பனிச்சறுக்கு விழா நடைபெற்றது. அக்காலப் படக்கருவிக்கு மிகுந்த ஒளி வேண்டும். எதிரில் இருப்போர் அசையாதிருக்கவும் வேண்டும். கூரையின் கீழ்ச் சறுக்கி ஓடும் கூட்டத்தை அதனால் பிடிக்க இயலவில்லை.

ஆகவே, விழாவில் பங்கேற்றோர் அதே உடையில் நோட்மேனின் நிலையத்திற்கு வந்து தனித்தனியே படமெடுத்துக்கொண்டனர். ஒவ்வோர் உருவமும் காட்சியில் அது நிற்க வேண்டிய தொலைவுக்கேற்ற அளவில் அச்சிடப்பட்டது. பின் கத்தரியால் வெட்டி, அரங்கம் தீட்டப்பட்ட பின்னணியில் ஒட்டப்பட்டது. அவ்வாறு இணைந்த உருவங்கள் ஏறத்தாழ 300.

கத்தரியின் வேலையைப் பின்னர்க் கணினி ஏற்றது. தாமஸ் நோல், ஜான் நோல் ஆகிய சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் மென்பொருளை அடோபி நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. ஒரு படத்தின்மேல் மற்றொன்றை வைத்து, அடியிலுள்ளது கெடாமல் திருத்த உதவும் 'லேயர்' என்னும் அடுக்கு வசதி 1994-இல் வந்தது. ஆயினும் தொலைவுக்கேற்ற அளவு, ஒரே திசை ஒளி ஆகியவை இன்றும் நம் கண்ணின் பொறுப்பே.

நோட்மேனின் படம் கூட்டுப் படம் என்பதை அதில் இடம்பெற்றோர் அறிவர். நிலையத்திற்கு வந்து நின்றவர்கள் அவர்கள்தாமே! நான் செய்த பிழை, வராதவளைச் சேர்த்ததன்று. ஓடியவளை நீக்கியதும், இணைத்ததைச் சொல்லாமல் விட்டதுமே.

சுவரொட்டியைத் திருத்தினேன். இப்போது அதில் ஐவர் நிற்கின்றனர். கீழே 'இணைப்புப் படம்' என்று எழுதியுள்ளேன். நம் மாணவர்க்கு மென்பொருளைக் கற்பிக்கும்போது இந்தச் சிறு வரியையும் சேர்த்தே கற்பிப்போம்.