ஓம் கணக்கில் ஒரு நூற்றாண்டு

1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற ஹெட்போனை வெளியிட்டது. காதை இறுக மூடாத, மஞ்சள் நுரைப்பஞ்சால் பேர்பெற்ற அந்தக் கருவி ஒரு கோடிக்கு மேல் விற்றது. இன்று அதைத் தேடி வாங்கிச் செல்போனில் செருகிப் பார்ப்பவர்களுக்கு மெலிந்த, உயிரில்லாத ஒலிதான் கிடைக்கிறது. உடனே, பழையது கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டது எதுவுமில்லை. அதன் மின்மறுப்பு, அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 2000 ஓம், அவ்வளவுதான்.

இந்த எண்ணை ஒலியின் தரத்துக்கான முத்திரையாகப் பார்ப்பது தவறு. ஒரு ஹெட்போன் எந்தக் கருவியோடு வாழப் பிறந்தது என்பதையே அது சொல்கிறது.

தொடக்கத்தில் ஆம்ப்ளிஃபயரே கிடையாது. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களைக் கடற்படை வாங்கியது. 1920-களின் கிரிஸ்டல் ரேடியோவுக்கு பேட்டரியும் இல்லை. ஏரியல் கம்பியில் சிக்கிய சொற்ப மின்சாரம்தான் ஒலியாக வேண்டும். மின்சாரம் சிறியதென்றால் கம்பிச் சுருளில் சுற்றுகள் ஏராளமாக வேண்டும். முடியைப் போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியதால்தான் 2000, 4000 ஓம் ஹெட்போன்கள் அன்று சாதாரணமாக இருந்தன.

600 ஓம் வந்த வழி வேறு. கம்பங்களில் ஓடிய தொலைபேசிக் கம்பிகளின் மின்மறுப்பு ஏறக்குறைய அந்த அளவு. வானொலி நிலையங்கள் தொலைபேசித் துறையின் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. 600 ஓமில் ஒரு மில்லிவாட் செலுத்த 0.775 வோல்ட் தேவை. 1939-ல் அமெரிக்க ஒலிபரப்பாளர்கள் ஒலியளவு மீட்டருக்கு வைத்த அடிப்படை இதுவே. வியன்னாவின் ஏகேஜி 1975-ல் கொண்டுவந்த கே 240 செக்ஸ்டெட் 600 ஓம்தான். ஸ்டூடியோவில் ஒரே வெளியீட்டில் நாலைந்து பேர் ஹெட்போன் செருகினாலும் கருவிக்குச் சுமை ஏறாது என்பது உயர் மின்மறுப்பின் பெரிய வசதி.

அந்தக் காலத்து வீட்டு ரிசீவர்களில் ஹெட்போனுக்கெனத் தனி ஆம்ப் இருந்தது அபூர்வம். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தையே சில நூறு ஓம் மின்தடை வழியாகத் திருப்பிவிட்டார்கள். மலிவான ஏற்பாடு என்று பலர் ஒதுக்குவார்கள். ஆனால் கணக்கு அதன் பக்கம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 வாட் தரும் ரிசீவரின் முனையில் சுமார் 18 வோல்ட் கிடைக்கும். நடுவில் 330 ஓம் இருந்தாலும் 600 ஓம் ஹெட்போனுக்கு 11 வோல்ட்டுக்கு மேல் போய்ச் சேரும். தாராளம். சொல்லப்போனால் அபாயகரமான தாராளம். ஒலித்திருகைக் கீழிருந்துதான் ஏற்ற வேண்டும்.

1979-ல் சோனி வாக்மேன் வந்தது. இரண்டு பென்சில் பேட்டரி, மொத்தம் 3 வோல்ட். வோல்ட் குறைந்தால் ஓமும் குறைந்தாக வேண்டும். 32 ஓம் வகை பரவியது அப்படித்தான். ஒரு மில்லிவாட்டுக்கு 32 ஓமில் 0.18 வோல்ட் போதும். 2000 ஓமில் 1.4 வோல்ட் வேண்டும். உச்சத்திலும் ஒரு வோல்ட் அளவிலேயே நிற்கும் செல்போன் எச்டி 414-இடம் தோற்பதன் காரணம் இதுதான்.

ஆகவே பழைய ஹெட்போனுக்கு ஆம்ப் தேடுபவர் வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை; எத்தனை வோல்ட் தரும் என்று கேட்க வேண்டும். ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு 120 ஓம் இருந்தால் 32 ஓம் ஹெட்போனின் பாஸ் குழைந்துபோகலாம். 600 ஓமுக்கு அது பொருட்டே அல்ல, இழப்பு ஒன்றரை டெசிபல்தான். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்கள் உயர் மின்மறுப்பு ஹெட்போன்களோடு அழகாகச் சேர்வதும் இதனால்தான்: வால்வுக்கு வோல்ட் தருவது எளிது, ஆம்பியர் தருவது கடினம்.

நல்ல நிலையிலுள்ள எழுபதுகளின் ரிசீவர் ஒன்று வீட்டில் கிடந்தால் புதிய ஆம்புக்குச் செலவழிக்குமுன் அதில் செருகிப் பார்க்கலாம். எச்டி 414-இன் பழைய ஒயர்கள் சிலவற்றில் ஐந்து முள் டின் (DIN) பிளக் இருக்கும். அதை வெட்ட வேண்டாம்; அடாப்டர் கிடைக்கிறது, ஒயரும் கழற்றி மாட்டக்கூடியதே.