ஓரத்தில் நிற்பவர்

ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். கூட்டத்தில் கலவாமல் ஓரமாக நிற்பார். அவரது உடையும் பேச்சும் சற்றே விந்தையாகத் தோன்றும். தெருவில் இருவர் சிரித்தால் தம்மைப் பற்றித்தான் சிரிக்கின்றனர் என்று எண்ணுவார். நாளிதழின் தலைப்பில் தமக்கென ஒரு செய்தி மறைந்திருப்பதாக ஐயுறுவார். உடன்பிறந்தாரைத் தவிர அவருக்கு உற்றவர் எவரும் இரார். ஆயினும் அவர் சித்தம் கலங்கியவர் அல்லர். தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கிறார். நாமோ அவரை ‘ஒரு மாதிரி’ என்ற இரு சொற்களில் அடக்கிவிடுகிறோம். மனநல மருத்துவம் அவரை விளங்கிக்கொள்ள முயன்ற வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது.

அவ்வரலாற்றின் தொடக்க இடங்களுள் ஒன்று சுவிட்சர்லாந்து நாட்டு ரைனாவ். அங்கே ரைன் நதித் தீவில் புனித பெனடிக்ட் சபைத் துறவியர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த மடம் 1862-இல் கலைக்கப்பட்டு, 1867-இல் மனநோயாளர் இல்லமாயிற்று. முப்பது வயதும் நிரம்பாத யூஜின் புளூலர் 1886-இல் அதன் தலைமை மருத்துவராக வந்தார். அவருடைய சகோதரியும் மனநோயால் துன்புற்றவரே. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் நோயாளரோடு ஒரே வளாகத்தில் வாழ்ந்தார். அவர்களோடு நடந்தார், உழைத்தார், அவர்கள் பேச்சைச் செவிமடுத்தார்.

அக்காலத்தில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரப்லின், இந்நோயை இளமையிலேயே தொடங்கும் அறிவுச் சிதைவு எனக் கருதினார். நோயாளரை அருகிருந்து கண்ட புளூலரோ, அனைவரும் அவ்வாறு சிதைவதில்லை என்றுணர்ந்தார். 1908-இல் அவர் அந்நோய்க்கு ‘ஸ்கிட்சோஃப்ரினியா’ என்னும் புதுப்பெயர் சூட்டினார். 1911-இல் வெளிவந்த தம் நூலில், மருத்துவரிடம் வராமலே வெளியில் நடமாடும் மறைந்த வடிவமொன்றும் உண்டு, அதுவே மிகுதி என்றார். நோயாளரின் உறவினரிடம் அதே சாயல் மெலிதாய்த் தென்படுவதையும் சுட்டினார்.

அந்த மெலிந்த சாயலைக் குறிக்கும் ‘ஸ்கிட்சோடைப்’ என்னும் சொல்லை, 1950-களில் நியூயார்க் நகர உளப்பகுப்பாய்வாளர் சாண்டர் ராடோ வழங்கினார். 1962-இல் அமெரிக்க உளவியலாளர் பால் மீல், அதன் வேர் பரம்பரையில் இருப்பதாக வாதிட்டார். வளர்ப்பா, பிறப்பா என்ற வினாவுக்கு டென்மார்க்கில் விடை தேடினர். 1924 முதல் 1947 வரை கோபன்ஹேகன் பகுதியில் தத்துக் கொடுக்கப்பட்ட 5,483 பேரின் பதிவேடுகளிலிருந்து தொடங்கிய சீமோர் கெட்டி குழுவினரின் ஆய்வு 1968-இல் வெளிவந்தது. நோயுற்றவர்களை வளர்த்த குடும்பத்தாரிடமன்றி, பெற்ற குடும்பத்தாரிடமே அச்சாயல் மிகுந்திருந்தது. இந்த ஆய்வுப் பதிவுகளின் துணைகொண்டே 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ‘ஸ்கிட்சோடைப்பல் ஆளுமைக் கோளாறு’ என்ற பெயரை ஏற்றது. உலக நலவாழ்வு நிறுவனமோ இதனை ஆளுமைக் கோளாறுகளோடு சேர்க்காமல், ஸ்கிட்சோஃப்ரினியாவின் வரிசையிலேயே வைத்துள்ளது.

இன்றைய அமெரிக்கக் கையேடு ஒன்பது அடையாளங்களைக் கூறுகிறது. ஐந்தேனும் இருந்தாலன்றிக் கோளாறு எனக் கொள்வதில்லை. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. ஒருவரின் நம்பிக்கை அவர் வாழும் சமூகத்தின் வழக்கத்தோடு பொருந்துமாயின் அது நோய்க்குறி ஆகாது. செபிப்பதும் நேர்ச்சை செய்வதும் கோளாறு அல்ல. இவ்வாளுமை உடையோருள் பெரும்பாலோர் முழு நோய்க்கு ஆளாவதுமில்லை.

பெயரிடுதல் எப்போதும் கருணையாக முடிவதில்லை என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. மாஸ்கோவில் ஆந்திரேய் ஸ்னெஷ்னெவ்ஸ்கி, ‘மந்தகதி ஸ்கிட்சோஃப்ரினியா’ என்றொரு வகையை வகுத்தார். மாயக்காட்சியோ மாயக்குரலோ இல்லாதவரையும் அதில் அடக்க இயன்றது. 1968-இல் செஞ்சதுக்கத்தில் எதிர்ப்புக்குரல் எழுப்பிய கவிஞர் நத்தாலியா கொர்பனேவ்ஸ்கயா 1969-இல் கைது செய்யப்பட்டு, அந்நோயின் பெயரால் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார், 1972-இல்தான் வெளிவந்தார். உலகின் கண்டனம் வலுக்கவே, சோவியத் மனநல மருத்துவர் சங்கம் 1983-இல் உலக மனநல மருத்துவச் சங்கத்தினின்று விலகியது. தவறுகளை ஒப்புக்கொண்ட பின்னரே 1989-இல் மீண்டும் சேர்ந்தது.

ஒரே சாயலை ரைனாவில் ஒருவர் அருகமர்ந்து கண்டார். மாஸ்கோவில் அது விலங்காயிற்று. கற்றோர் கையிலேயே இவ்வாறாயின், ‘ஒரு மாதிரி’ என்னும் நம் சொல் எத்தனை பேரைப் பூட்டி வைத்திருக்கும்! ஓரத்தில் நிற்பவரை நாம் நடுவே இழுத்து வரவேண்டா. கூட்டம் அவருக்கு அச்சம். அவர் சொல்வதை நகைக்காமல் கேட்போம். குரல்கள் கேட்பதாக அவர் சொல்லத் தொடங்கினால், உறவினரோடு கலந்து பரிவுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மற்ற நாள்களில் அவர் பெயர் சொல்லி அழைத்து, அருகில் சற்று நேரம் இருப்போம்.