பாக்டீரியா வகைப்பாடும் மரபணு வரிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தாவரத்திற்கு இலையும் பூவும் காயும் உண்டு. விலங்கிற்கு எலும்பும் பல்லும் உண்டு. இவற்றை ஒப்பிட்டு உறவுமுறை காண இயலும். பாக்டீரியாவிற்கோ கோளம், கோல், சுருள் எனச் சில வடிவங்களே உள்ளன. ஆகவே பாக்டீரியா வகைப்பாடு நெடுங்காலம் அடையாளம் காணும் முறையாக இருந்ததேயன்றி, உறவை உணர்த்தும் முறையாக அமையவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை மரபணு வரிசை எவ்வாறு குறைத்தது, எங்கே குறைக்க இயலாமல் நின்றது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவமும் பண்பும்

1872-இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கோன் பாக்டீரியாக்களை வடிவத்தின் அடிப்படையில் வகுத்தார். 1884-இல் கிராம் கண்ட சாயமேற்றும் முறை அவற்றை இருபெரும் பிரிவுகளாகக் காண உதவியது. 1923-இல் வெளிவந்த பெர்கியின் கையேடு, வளரும் சூழல், உண்ணும் பொருள், வெளியிடும் அமிலம் முதலிய பண்புகளைத் தொகுத்து இனங்காண வழிசெய்தது. ஆனால் பண்பில் ஒத்தவை பிறப்பிலும் ஒத்தவையா என்னும் வினாவிற்கு விடை கிடைக்கவில்லை. 1941-இல் இயற்கை வகைப்பாடு ஒன்றின் உருவரையைத் தந்த ஸ்டேனியர், வான் நீல் ஆகிய இருவருமே, 1962-இல் அம்முயற்சியை விடுத்து, பாக்டீரியா என்பது யாது என வரையறுப்பதோடு அமைந்தனர்.

மூலக்கூறு என்னும் சுவடி

ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுவோர் செய்யும் பிழை, அதன் வழிவந்த படிகளிலும் தொடரும். இரு சுவடிகள் ஒரே பிழைகளைப் பெற்றிருப்பின் அவை ஒரு மூலத்தின் வழிவந்தவை எனக் கொள்வது பாட ஆராய்ச்சியாளர் கண்ட நெறி. உயிரணுக்களின் மூலக்கூறுகளையும் இவ்வாறே வரலாற்று ஆவணங்களாகப் படிக்கலாம் என்று 1965-இல் சக்கர்காண்டல், பாலிங் ஆகியோர் எடுத்துரைத்தனர்.

எந்தச் சுவடியைப் படிப்பது என்பதைத் தெளிவுபடுத்தியவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்ல் ஊஸ். புரதம் உருவாகும் இடமாகிய ரைபோசோம் எல்லா உயிரணுக்களிலும் உண்டு, அதன் பணியும் ஒன்றே, அதன் ஆர்.என்.ஏ. மிக மெதுவாகவே மாறுகிறது. எனவே, தொலைதூர உறவுகளையும் அது காட்டவல்லது. ஏறத்தாழ 1,540 எழுத்துகள் கொண்ட 16எஸ் ஆர்.என்.ஏ.வை அவர் தெரிந்தெடுத்தார். முழு வரிசையையும் எளிதில் படிக்க இயலாத அக்காலத்தில், கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றிய மூலக்கூறை நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் பட்டியல்களை ஒப்பிட்டார்.

மீத்தேன் வளியை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் பட்டியல், ஏனைய பாக்டீரியாக்களின் பட்டியலினின்று பெரிதும் வேறுபட்டது. வடிவம் ஒத்திருந்தும் வழி வேறாயிற்று. 1977-இல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதனை வெளியிட்டபோது பலர் ஏற்கத் தயங்கினர். எனினும், சான்றுகள் பெருகின. 1990-இல் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகாரியா என்னும் மூன்று பெரும்பிரிவுகள் முன்மொழியப்பெற்றன.

நோயும் பெயரும்

இம்முறையின் பயன் மருத்துவத்திலும் வெளிப்பட்டது. 1907-இல் ஜார்ஜ் விப்பிள் குடலைத் தாக்கும் அரிய நோயொன்றை விவரித்தார். நோயுற்ற திசுவில் கோல்வடிவ நுண்ணுயிர்கள் தென்பட்டும், அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இயலாமையால் அவை இன்னவை எனக் கூற முடியவில்லை. 1992-இல் ரெல்மன் குழுவினர் திசுவிலிருந்தே 16எஸ் மரபணுவைப் பெருக்கி வரிசையைப் படித்து, அது ஆக்டினோபாக்டீரியக் கூட்டத்தைச் சார்ந்தது எனக் காட்டினர். அதனைத் தொடர்ந்து வளர்ப்பதில் வெற்றி கிட்டியது 2000-இல்தான். வளர்த்த பின்னரே பெயர் என்றிருந்த மரபு இங்கு மாறியது.

முறையின் எல்லை

1994-இல் ஸ்டாக்கபிராண்ட், கோபல் ஆகியோர், 16எஸ் வரிசை 97 விழுக்காட்டிற்குக் குறைவாக ஒத்தவை வெவ்வேறு இனங்கள் எனக் கொள்ளலாம் என்றனர். ஆனால், அதற்கு மேல் ஒத்தவை ஓரினம் என்பது இதனால் பெறப்படாது. ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் சீரியஸ் ஆகிய இரண்டின் 16எஸ் வரிசைகள் ஏறத்தாழ ஒன்றே. ஆந்த்ராக்ஸின் கொடுமைக்குக் காரணமான முக்கிய மரபணுக்கள் பிளாஸ்மிடு எனப்படும் தனி வளையங்களில் உள்ளன. ஒரு மரபணுவை மட்டும் நம்பி நோயை அறுதியிடுதல் தவறாக முடியும் என்பதற்கு இது சான்று. இக்குறையைக் களையவே, இன்று முழு மரபுத்தொகுதிகள் ஒப்பிடப்பெறுகின்றன. சராசரியாக 95 முதல் 96 விழுக்காடு ஒற்றுமை இன எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

முடிவுரை

சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, மரபுத்தொகுதி நோக்கில் எஸ்சரிக்கியா கோலை இனத்துள் அடங்கும். ஆயினும், மருத்துவத் தேவை கருதி அதன் தனிப்பெயர் நீடிக்கிறது. உறவு இயற்கையில் உள்ளது. அதனை வரிசை கண்டறிந்து கூறும். பெயரோ மாந்தர் தம் தேவைக்கு இட்டது. ஒன்றை மற்றொன்றாக மயங்காமையே இவ்வரலாறு வகைப்பாட்டாளர்க்கு உணர்த்துவதாகும்.