வெள்ளித் துகளும் இறால் ஓடும்

சென்னைக்காரர்கள் 2003-ம் ஆண்டை எளிதில் மறக்க மாட்டார்கள். பூண்டி, புழல், சோழவரம் ஏரிகள் வறண்டுபோய், குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகர் சந்துகளிலும் மெட்ரோ வாட்டர் லாரிக்காகக் குடங்கள் வரிசைகட்டி நின்றன. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியதும் அந்த ஆண்டில்தான். கையில் காசு இருந்தவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினார்கள். காசு கொடுத்து வாங்குகிற தண்ணீராவது சுத்தமாக இருக்கும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையிலும் அதே ஆண்டு பிப்ரவரியில் அடி விழுந்தது. டெல்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணீரை வாங்கிச் சோதித்து, அதில் பூச்சிமருந்து இருக்கிறது என்று அறிவித்தது. லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என வயலில் தெளிக்கிற பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆகஸ்டில் குளிர்பானங்களைப் பற்றியும் அதே மையம் அறிக்கை வெளியிட்டதும் நாடாளுமன்றமே பரபரத்தது. சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழு அமைந்தது. மையத்தின் முடிவுகள் சரியானவைதான் என்று 2004 பிப்ரவரியில் அந்தக் குழு சொல்லியது.

வீட்டில் என்ன செய்ய முடியும்? கேண்டில் ஃபில்டர் மண்ணையும் தூசியையும் நிறுத்தும். காய்ச்சினால் கிருமி சாகும். பூச்சிமருந்துக்கு இரண்டுமே பதில் அல்ல.

பதிலுக்கான தொடக்கம் அந்த நேரத்தில் அடையாறிலேயே இருந்தது. கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தின் வேதியியல் துறையில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவருடைய ஆய்வு மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் வெள்ளியின் மிக நுண்ணிய துகள்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

பிரதீப் கேரளத்தின் பந்தாவூர் என்ற கிராமத்தில் 1963-ல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1991-ல் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சில காலம் ஆய்வு செய்துவிட்டு, 1993-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். அன்று முதல் அவருடைய பணியிடம் இந்த வளாகம்தான்.

பிரதீப்பும் நாயரும் கவனித்த விஷயம் இது. கார்பன் டெட்ராகுளோரைடு என்பது எளிதில் சிதையாத ஒரு சேர்மம். அதில் சாதாரண வெள்ளியைப் போட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது. அதே வெள்ளியை, ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் நானோமீட்டர் அளவில் சொல்ல வேண்டிய துகள்களாக்கிச் சேர்த்தால், சாதாரண அறை வெப்பநிலையிலேயே அந்தச் சேர்மம் உடைகிறது. குளோரின் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிகிறது; மிச்சம் கரி. பல பூச்சிமருந்துகளும் குளோரின் அடங்கிய சேர்மங்கள்தாம். அப்படியானால் அவையும் இதற்குக் கட்டுப்படுமா?

கட்டுப்பட்டன. வெள்ளியோடு தங்கத் துகளையும் சோதித்தார்கள். தங்கத் துகள் மிதக்கும் கரைசல் மாதுளைச் சாற்றின் நிறத்தில் இருக்கும். அதில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து சேர்ந்ததும் சிவப்பு மாறி நீலம் ஏறுவதை இந்தக் குழு கண்டது. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் அந்த எண்டோசல்பான் செய்த கொடுமை நாடறிந்தது. நஞ்சு இருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி கிடைத்தது. வெள்ளித் துகளைக் கொண்டு அதை நீக்கவும் வழி கிடைத்தது.

வெள்ளிக்கும் நம் வீட்டுக்கும் உறவு புதிதல்ல. கைக்குழந்தைக்குப் பாலாடையும் சங்கும் வெள்ளியில்தான் வாங்குவார்கள். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கத் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் ஒளிந்திருக்கிற ரசாயனத்தைப் பிடிக்க அந்தக் கைப்பக்குவம் போதாது. இதற்கு வேண்டியிருந்தது ஒரு தொழில்முறை. துகள்களை எப்போதும் ஒரே அளவில் செய்ய வேண்டும். அலுமினா போன்ற ஒரு பொருளின் மேல் அவற்றை அசையாமல் பதிக்க வேண்டும். தண்ணீர் மாதக்கணக்கில் ஓடினாலும் துகள் கழன்று குடிப்பவர் வயிற்றுக்குள் போகக் கூடாது. விலையும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாக வேண்டும்.

இங்கேதான் காப்புரிமை வருகிறது. இந்தியாவில் இதன் கதை 1856-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் முதல் மனுவைக் கொடுத்தவர் கல்கத்தாவின் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். அவர் பதிவு செய்த கண்டுபிடிப்பு, பங்கா இழுக்கும் இயந்திரம். கூரையில் தொங்கிய துணி விசிறியை ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆக, நம் நாட்டின் முதல் காப்புரிமையே வீட்டுக்குள் புழங்குகிற ஒரு பொருளுக்குத்தான் கிடைத்தது. அன்று உரிமை 14 ஆண்டுகள். இன்று விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். கொடுக்கல் வாங்கல் மாறவில்லை. கண்டுபிடித்தவர் செய்முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அரசு அந்தக் காலம் வரை தனியுரிமை தரும். காலம் முடிந்தால் அது எல்லோருக்கும் சொந்தம்.

பிரதீப்பும் நாயரும் பூச்சிமருந்து நீக்கும் முறைக்கு இந்தியக் காப்புரிமை வாங்கினார்கள். 2011-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதற்குள் பொருள் கடைக்கே வந்துவிட்டது. யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்று, வெள்ளி நானோ துகள் வடிகட்டி கொண்ட அக்வாகார்டு கோல்டு நோவா கருவியை 2007-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆய்விதழில் இவர்களுடைய கட்டுரை வெளியான நான்கே ஆண்டுகளில் ஓர் ஆய்வு மாணவரின் குடுவைக்குள் நடந்த மாற்றம் சமையலறைச் சுவரில் மாட்டும் பெட்டியானது. பல்கலைக்கழக ஆய்வில் இந்த வேகம் அபூர்வம்.

இதோடு நின்றிருந்தாலே பெரிய சாதனைதான். ஆனால் பிளக்பாயின்ட்டும் குழாயும் உள்ள வீட்டுக்குத்தான் அந்தப் பெட்டி பயன்படும். இரண்டுமே இல்லாத வீடுகளில்தான் தண்ணீர் மிக மோசமாக இருக்கிறது. மேற்கு வங்கத்தின் கிணற்று நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பதை 1980-களின் தொடக்கத்தில் வெளிப்படுத்தியவர் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து, கறுத்துப்போய் வந்த நோயாளிகளை வைத்து அவர் அதைக் கண்டறிந்தார். ஆர்செனிக்குக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் பாதுகாப்பான அளவு.

பிரதீப் குழுவின் இரண்டாவது பெரிய கண்டுபிடிப்பு இதற்காகப் பிறந்தது. இரும்பின் ஒரு வகை ஆக்சைடான ஃபெர்ரிஹைட்ரைட், ஆர்செனிக்கை நன்றாக ஈர்த்துப் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் அது நிலையாக இருக்காது. நாளடைவில் வேறு இரும்புத் தாதுவாக மாறி வேகம் இழந்துவிடும். அதைத் தடுக்க அவர்கள் கையில் எடுத்தது கைட்டோசன். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற பொருள் இது. கைட்டோசன் இழைகளுக்கு நடுவே சிக்கவைத்தால் ஃபெர்ரிஹைட்ரைட் மாறாமல் அப்படியே நிற்கிறது. காய்ந்ததும் மணல் போன்ற குருணை, தண்ணீரில் கரையாது. செய்வதற்கு உலை வேண்டாம், தண்ணீரிலேயே, அறை வெப்பநிலையிலேயே தயாராகிறது. வடிகட்ட மின்சாரமும் வேண்டாம். இதற்கு அம்ரித் என்று பெயர் வைத்தார்கள்.

கிருமிக்கும் இதே வழியில் விடை கண்டார்கள். வெள்ளி அயனி கிருமியைக் கொல்லும் என்பது பழைய செய்தி. ஆனால் நிஜமான கிணற்று நீரில் உள்ள உப்புகள் வெள்ளித் துகளின் மேல் படிந்து கொஞ்ச நாளில் அதை முடக்கிவிடும். எம். உதய சங்கர் முதல் ஆசிரியராக இருந்து, இந்தக் குழு 2013-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரை இந்த முட்டுக்கட்டையைத் தாண்டியதைச் சொல்கிறது. அலுமினியச் சேர்மமும் கைட்டோசனும் பின்னிய கூண்டுக்குள் வெள்ளித் துகள் உட்கார்ந்திருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் வெள்ளி மட்டும் சீராகக் கசிகிறது. அனுமதிக்கப்பட்ட அளவோ 100. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு இரண்டரை டாலர் என்று அந்தக் கட்டுரை கணக்கிட்டது. அன்றைய மதிப்பில் 150 ரூபாய்க்குள். ஒரு மாதக் கேன் தண்ணீர்ச் செலவைவிடக் குறைவு.

அம்ரித் நிலையங்கள் மேற்கு வங்கம், பஞ்சாப், உத்தரப் பிரதேசம் எனப் பரவி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுத்திருக்கின்றன. ஒரே ஆய்வகத்தின் வேதியியல்தான், வீட்டுக் கருவியிலும் இருக்கிறது, ஊர்ப் பொதுக் குழாயிலும் இருக்கிறது.

காப்புரிமைகளும் விண்ணப்பங்களும் நூறைத் தாண்டின. வீட்டுச் சர்க்கரையை மணல்மேல் பூசி, காற்றில்லாத உலையில் 750 டிகிரி வரை சூடாக்கினால், மணல்மேல் கிராஃபீன் போன்ற கரிப்படலம் உருவாகும். அது சாயத்தையும் குளோர்பைரிபாஸையும் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் என்று 2012-ல் காட்டினார்கள். கல்லைப் போன்ற கனிமத் துகள்களை மின்னேற்றம் பெற்ற நுண் நீர்த்துளிகளில் வைத்தால் அவை கண்ணிமைப்பதற்குள் நானோ துகள்களாக உடைகின்றன என்ற முடிவு 2024-ல் சயின்ஸ் இதழில் வந்தது. சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது 2008-லும், பத்மஸ்ரீயும் ஜப்பானின் நிக்கேய் ஆசியப் பரிசும் 2020-லும் பிரதீப்பைத் தேடி வந்தன.

சென்னையில் காப்புரிமை என்றாலே அது கம்பெனிக்காரர்கள் சமாசாரம் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கும் நம் கல்லூரி ஆய்வகங்களுக்கும் நடுவே உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். பல ஆய்வேடுகள் அந்தத் தூரத்தைக் கடக்காமல் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. அடையாறிலிருந்து கிளம்பிய இந்த ஆய்வு கடந்தது. ஆர்செனிக் கிணறுகள் உள்ள கிராமம்வரை போய்ச் சேர்ந்தது. நீரியலும் வேதியியலும் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளியிடப்பட்ட காப்புரிமை ஆவணங்களை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். செய்முறை, அளவு, சோதனை முடிவு எல்லாம் அதில் எழுதியிருக்கும். பிரதீப் பெயரைப் போட்டுத் தேடி, ஒன்றையாவது முழுதாகப் படித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம், இதே அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும், அதை வளர்த்தெடுத்த நாயுடம்மாவும்.