பிக்லர் முக்கோணம்

பிக்லர் முக்கோணம் என்பது சிறு குழந்தைகள் பிடித்து ஏறி விளையாடும் மரச்சட்டம் ஆகும். இரு சிறிய ஏணிகளை உச்சியில் இணைத்துக் கூடாரம் போல் நிறுத்திய வடிவம் கொண்டது. அங்கேரியக் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் (1902–1984) பெயரால் இது வழங்கப்படுகிறது.

வியன்னாவில் பிறந்த பிக்லர், 1930களில் புடாபெஸ்ட்டில் குடும்ப மருத்துவராக இருந்தார். குழந்தையை உட்காரவோ நிற்கவோ பழக்க வேண்டியதில்லை, தரையில் போதிய இடம் கொடுத்தால் தானே கற்றுக்கொள்ளும் என்று பெற்றோருக்கு எடுத்துரைத்தார். போருக்குப் பின், 1946இல், அந்நகரின் லோட்சி தெருவில் ஆதரவற்ற கைக்குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்த செவிலியர் வேலையை விரைந்து முடிப்பதிலேயே கருத்தாக இருந்தனர். சில மாதங்களில் அவர்களை அனுப்பிவிட்டு, இளம்பெண்களைச் சேர்த்துத் தாமே பயிற்றுவித்தார். தொட்டிலிலேயே கிடத்தாமல் குழந்தைகளைத் தரையில் விட்டனர். ஏறுசட்டம் அந்தத் தரைக்குரிய பொருள்.

சட்டம் ஆடக்கூடாது, குறுக்குக் கம்புகள் சிறு விரல்கள் சுற்றிப் பிடிக்கும் பருமனில் இருக்க வேண்டும். இவற்றை எந்தத் தச்சரும் செய்துவிடுவார். குழந்தையைத் தூக்கி மேலே வைக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிப்பதுதான் பெரியவர்களுக்குக் கடினம். தானாக ஏறாத உயரத்திலிருந்து இறங்கும் வழி குழந்தைக்குத் தெரியாது.

பிக்லர் 1979 வரை இல்லத்தை நடத்தினார். 2011இல் அது மூடப்பட்டது.